பாதித் தம்ளர் டீ

சொல்லாக்கிவிடாதே. உள்ளங்கையோடு நிற்கட்டும். அந்த ஒரு சொல் மட்டும் மனதில் எழுந்துவிடக் கூடாது. எழுந்தால் போயிற்று.

பூங்கோதை கண்களை மூடியபடி, ஓடும் மோட்டாரின் தகட்டு மூடிமேல் கை வைத்திருந்தாள். மூடி நடுங்கிக்கொண்டிருந்தது. மறு கையால் பாதி டீ இருந்த தம்ளரை அதன்மேல் வைத்தாள். நடுக்கம் அடங்கியது. தம்ளருக்குள் டீ மட்டும் மெல்ல அலைந்தது.

கோவையின் அந்த மோட்டார் ஆலையில் அவள் சோதனைப் பொறியாளர். எல்லோரையும் போல அவள் காதுக்குப் பின்னாலும் நெல்மணி அளவில் ஒரு விடைவிதை இருந்தது. மனதில் ஒரு கேள்வி சொல்லாக உருவானதும் விதை விடையைக் கொடுத்துவிடும், எப்போதோ படித்தது நினைவுக்கு வருவதைப் போல. விடை வரும் கணத்தில் தலை தானாக இடப்பக்கம் சாயும். பேருந்தில், பந்தியில், இழவு வீட்டில்கூட மனிதர்கள் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தார்கள்.

அவளுக்கு விதை வைத்தது ஆறு வயதில். அதற்கு முந்தைய கோடை விடுமுறை முழுக்கத் தரையில் மல்லாந்து, கூரையில் தலைகீழாக ஓடிய பல்லியையே பார்த்துக் கிடந்தாள். சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவிக்கொண்டு தன் கையையும் சுவரில் ஒட்டிப் பார்த்தாள். அம்மா திட்டினாள். விதை வைத்த அன்று மாலையே விடை வந்துவிட்டது: பல்லியின் விரலடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள். சரியான விடைதான். அதன்பிறகு அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. வளர்ந்த வீட்டில் பல்லிகள் இருந்தனவா என்பதுகூட இப்போது நினைவில்லை.

இந்த முறை கேள்வி தப்பியது தற்செயலாக. சில நாள் முன் மோட்டாரைச் சோதிக்க வந்தபோது, கையிலிருந்த டீத் தம்ளரை மூடிமேல் வைத்தாள். நடுக்கம் நின்றதை உள்ளங்கை உணர்ந்தது. மனம் அதைச் சொல்லாகத் திரட்டுவதற்குள் பக்கத்துச் சோதனை மேடையில் வேலை பார்க்கும் தெய்வானை அக்கா தும்மினார். அவர் தும்மினால் கூடமே ஒருமுறை குலுங்கும். கலைந்த மனம் திரும்பி வந்தபோது கேள்வி சொல்லில்லாமல் உள்ளே கிடந்தது, பசியைப் போல. அவள் அதைப் பசியாகவே வைத்துக்கொண்டாள்.

வெறும் தம்ளரை வைத்துப் பார்த்தாள். நடுக்கம் நிற்கவில்லை. விளிம்புவரை நிரப்பி வைத்தாள். அப்போதும் நிற்கவில்லை. எண்ணெய், கஞ்சி, சர்க்கரைப்பாகு என்று மாற்றினாள். ஒவ்வொன்றுக்கும் மூடி ஒவ்வொரு விதமாக நடுங்கியது. சொல் நுழைய இடம் கொடாமல், எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு தகரத்தை வெட்டி, பற்றவைத்து, மோட்டார் மூடியைச் சுற்றி அமரும்படி வளையமாக ஒரு நீர்த்தொட்டி செய்யத் தொடங்கினாள்.

"ஏம்மணி, டீயக் குடிக்கிறயா, மோட்டாருக்கு ஊட்டுறயா?" என்றார் தெய்வானை அக்கா.

"அதுக்கும் அலுப்பா இருக்குமில்லக்கா."

"நல்லா ஊட்டு. நாளைக்கு வடை கேக்கும்."

இன்று காலை விடைநிலையத்திலிருந்து நிலவரசன் என்ற இளைஞன் வந்திருந்தான். ஊரின் விதைகளையெல்லாம் பராமரிப்பது அந்த நிலையம்தான்.

"உங்க விதை நல்லாத்தானுங்க இருக்குது," என்றான். "ஆனா உங்களுக்குள்ள ஒண்ணு கேள்வியாகாமயே நிக்குது. எங்க திரையில தெரியுதுங்க. இப்படி ஒண்ணப் பார்த்தே பல வருசமாச்சு."

"அதுக்கு என்னங்க இப்போ?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "விதை வந்ததுக்கப்புறம் புதுசா யாரும் எதையும் கண்டுபிடிக்கலீங்க. இருக்கிற விடையத்தான் திருப்பித் திருப்பிக் குடுத்துட்டு இருக்கறோம். கெணறு வத்துதுங்க. நீங்க அதை ஒருக்கா வாய்விட்டுக் கேட்டுட்டாப் போதும். அது எப்படி உருவாச்சுன்னு பிடிச்சு, அடுத்த விதையச் செஞ்சுருவோம். சொல்லாகறதுக்கு முந்தியே விடை வந்துரும்!"

அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

"தெரிஞ்ச விடையா இருந்துட்டா?" என்று பூங்கோதை கேட்டாள்.

"அப்பப் பிரச்சினையே இல்லீங்களே. உடனே வந்துரும்."

"அதானுங்க பிரச்சினை."

நிலவரசனுக்குப் புரியவில்லை. "புதுசா இருந்தா ஊருக்கு ஆகும். பழசா இருந்தா உங்களுக்கு ஆகும். எப்படியும் நட்டமில்லீங்க."

அவள் தகர வளையத்தைப் பார்த்தாள். ஓரிடத்தில் பற்றவைப்பு கோணலாகியிருந்தது. நாளைக்கு அதை உடைத்து, நடுவில் தடுப்பு வைத்து ஒட்டிப் பார்க்க வேண்டும். நாளைக்கு. அந்தப் பல்லிக்குப் பிறகு இப்படி ஒரு நாளைக்காக அவள் காத்திருந்ததே இல்லை.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நிலவரசனின் பார்வை மூடிமேல் இருந்த தம்ளருக்குப் போனது. தயங்கித் தயங்கிக் கையை நீட்டி, அவள் வைத்திருந்தது போலவே மூடிமேல் வைத்தான்.

"ஏனுங்க," என்றான் பிறகு. "அப்படி ஒண்ணு உள்ள நிக்கறப்ப எப்படிங்க இருக்குது?"

கேட்டதும் விடையை எதிர்பார்த்து வழக்கம்போல அவன் தலை இடப்பக்கம் சாய்ந்தது. நிமிரவில்லை. அந்த விடையை யாரும் இதுவரை சொல்லிவைத்திருக்கவில்லை. அவன் முகத்தில் முதலில் பயம் வந்தது. பிறகு பயம் மெல்ல விலக, கூரையை அண்ணாந்து பார்த்துக் கிடக்கும் பிள்ளையின் முகமாக அது மாறியது.

"வரலீங்க," என்றான். "நீங்களாச்சும் சொல்லுங்க."

பூங்கோதைக்குச் சொல்லத் தெரியும். பசி என்று தொடங்கினால் போதும். சொன்னால் அது நாளைக்குள் எல்லோர் காதுக்குப் பின்னாலும் போய்ச் சேர்ந்துவிடும்.

அவள் தம்ளரை எடுத்து அவனுடைய மறு கையில் கொடுத்தாள். அவன் உள்ளங்கைக்கு அடியில் மூடி மறுபடி நடுங்கத் தொடங்கியது. திடுக்கிட்டு அவளைப் பார்த்தான்.

"என் கேள்வி, உங்க விடை, ரெண்டுமே சொல்ல மாட்டேனுங்க," என்றாள் அவள், மெதுவாக.