இரண்டு விரற்கடை வலப்பக்கம்

சாப்பிடப் போகும்போது நேராக நிறுத்திவிட்டுப் போன ஸ்டீயரிங், திரும்பி வந்து பார்த்தபோது இரண்டு விரற்கடை வலப்பக்கம் திரும்பியிருந்தது.

பட்டறையில் அவனுக்கு ரசமட்டம் என்று பெயர். சட்டைப்பையில் சீப்பு வைக்க வேண்டிய வயதிலேயே சாய்வு பார்க்கும் ரசமட்டம் வைத்துக்கொண்டு அலைந்தவன் என்று அண்ணன் வைத்த பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்தது அடையாள அட்டையோடு சரி. அப்படிப்பட்டவன் ஒன்றை நேராக நிறுத்தினால் அது நேராகத்தான் நிற்கும். ஸ்டீயரிங்கை மறுபடி நேராக்கி, அதன் உச்சியிலும் எதிரே டாஷ்போர்டிலும் சாக்பீஸால் கோடு போட்டான். பட்டறையைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்து திரும்பினான். கோடு விலகியிருந்தது. அதே இரண்டு விரற்கடை.

பயம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. ஏழு மாதமாக அவனுக்கு எதுவுமே வருவதில்லை. பசி இல்லை, அழுகை இல்லை. பல் பிடுங்கும்போது கன்னம் மரத்துப்போகுமே, அப்படி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

அண்ணன் இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய கார் அது. உருண்டை விளக்கு, பளபளக்கும் பம்பர், எலும்பு மாதிரி மெலிந்த பெரிய கறுப்பு ஸ்டீயரிங். ஒரே குணக்கேடு, இடதுபக்கம் இழுக்கும். சரிசெய்கிறேன் என்றால் அண்ணன் விடமாட்டார். "அது ஒரு பக்கம் இழுக்கும், நான் ஒரு பக்கம் இழுப்பேன். குடும்பம்னா அப்படித்தான்டா" என்று கிராம்பை மென்றுகொண்டே சிரிப்பார். எப்போதும் இரண்டு விரற்கடை வலப்பக்கம் பிடித்தே பழகிய கை. பிடித்த இடங்களில் ஸ்டீயரிங் தேய்ந்து, இரண்டு வழவழப்பான பள்ளம் விழுந்திருந்தது.

அண்ணனுக்கு ஐம்பது வயது முடிந்த வாரம், அவர் வெளியூர் போன சமயம் பார்த்து, ரசமட்டம் யாரிடமும் மூச்சு விடாமல் காரைத் தூக்கி நிறுத்தினான். ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், ஸ்டீயரிங் பெட்டி எல்லாம் புதிது. முன்சக்கரங்களின் சாய்வு மயிரிழை பிசகாமல். வெளியே ஒரு ஆணிகூட மாறவில்லை. தேய்ந்த ஸ்டீயரிங்கையே திரும்ப மாட்டினான். சொல்லாமல் கொடுக்க வேண்டும், ஓட்டிவிட்டு வரும்போது அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

ஊரிலிருந்து வந்து காரை எடுத்துக்கொண்டு போன அண்ணன் திரும்பி வரவேயில்லை. கால்வாய்ச் சாலையில் எதிரே ஒரு லாரி. கண் சாலையில் இருந்தவரை கை கண் சொன்னதைக் கேட்டிருக்கும். எதற்கோ கண் விலகிய நொடியில் கை தன் பழக்கப்படி வலப்பக்கம் போய்விட்டது. பழைய வண்டி, எங்கேயாவது உடைந்திருக்கும் என்றார்கள் எல்லோரும். அவனும் தலையாட்டி வைத்தான்.

நசுங்கிய காரை அண்ணிதான் அவனிடமே அனுப்பினாள். "உள்ள என்ன வேணா மாத்துங்க தம்பி. வெளிய மட்டும் அவர் பார்த்தா அடையாளம் தெரியணும்" என்றாள். நாளைக் காலை மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்க அவளே அதை ஓட்டிப் போகிறாள். அந்தக் காரில் இடப்பக்க இருக்கையைத் தவிர வேறெதிலும் உட்கார்ந்தறியாதவள்.

வெயில் சாயும் நேரத்தில் அவன் காரை வெளியே எடுத்தான். கால்வாய்ச் சாலையில் கையை விட்டுப் பார்த்தான். நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. திருப்பங்களில் சாயவில்லை, பள்ளங்களில் தூக்கிப்போடவில்லை, புது ரப்பரும் பழைய தோல் இருக்கையும் கலந்த வாசனைதான் மெல்ல மெல்ல மாறிக்கொண்டு வந்தது. கிராம்பு. அப்புறம் தேய்ந்த பள்ளங்கள் அவன் உள்ளங்கைக்குக் கீழே சூடேறின, யாரோ இப்போதுதான் கையெடுத்த மாதிரி. ஸ்டீயரிங் வலப்பக்கம் நகர்ந்தது. அவன் இழுத்துப் பிடித்தான். அது முறைக்கவில்லை, வெடுக்கென்று பறிக்கவில்லை. நிதானமாக, தினப்படி வேலை செய்கிற கை மாதிரி, வலப்பக்கமே இழுத்தது.

பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது தோள் இரண்டும் கழன்றுவிடும்போல இருந்தது. வேறொருவனாக இருந்தால் காரைக் கொளுத்தியிருப்பான். ரசமட்டத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான், எது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மறுபக்கம் ஈடுகட்டுவது. காரை ஜாக்கியில் ஏற்றினான். இடது முன்சக்கரத்தின் சாய்வை, பழையபடி இடதுபக்கம் இழுக்கும் அளவுக்கு, தானே கெடுத்தான்.

மறுபடி ஓட்டிப் பார்த்தான். கார் இடதுபக்கம் இழுத்தது. கண்ணுக்குத் தெரியாத கை வலப்பக்கம் இழுத்தது. கார் அம்பு மாதிரி நேராகப் போனது.

அண்ணி போன் செய்தாள். "வண்டி எப்படி இருக்கு தம்பி?"

சொல்லிவிடலாம் என்று இருந்தது. இப்போது செய்ததை, அப்போது செய்ததை, எல்லாவற்றையும்.

"நேரா போகுது அண்ணி."

காலையில் அண்ணியும் மகளும் பெட்டி படுக்கையோடு வந்தார்கள். "சித்தப்பா, பழசு மாதிரியே இருக்கு!" என்று பெண் பானெட்டைத் தடவினாள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவன் டிக்கியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இது என்ன தம்பி, சாக்பீஸ் கோடு? ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியா நேர்ல இருக்கு" என்றாள் அண்ணி, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே.

"ஆமா அண்ணி" என்றான். டிக்கியைச் சாத்தினான். கார் நகர்ந்தது, கேட்டைத் தாண்டியது, கால்வாய்ச் சாலையில் ஏறியது.

அப்புறம்தான் அந்தச் சொல் அவனுக்குள் இறங்கியது.

நேர்ல.

ராத்திரி அவன் நேராக நிறுத்திய ஸ்டீயரிங்கை விடியும்வரை யாரும் தொடவில்லை. பிடித்திருந்த கை விட்டுவிட்டது.

கார் போய்விட்டது. கிராம்பு வாசனை போகவில்லை. பட்டறைக்குள்தான் இருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால். பிடரியில். சூடாக.

மெல்லும் சத்தம்.

கத்த வாயைத் திறந்தான். கேட்டை நோக்கி ஓடக் காலெடுத்தான்.

அவன் இரண்டு மணிக்கட்டுகளையும் பின்னாலிருந்து ஏதோ பற்றியது. வலித்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக வலித்தது. பயம் வந்தது, அழுகை வந்தது, எல்லாம் ஒன்றாக வந்தது.

நிதானமான கை. பழகிய கை. அவன் கைகளை முன்னால் தூக்கி, வெறும் காற்றில், வலப்பக்கம் திருப்பியது. இரண்டு விரற்கடை.

தூரத்தில், வலப்பக்கம் இழுத்துப் பிடிக்க அந்தக் கை இல்லாத கார் இடதுபக்கம், கால்வாய்ப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனது. இடதுபக்க ஜன்னலில், நீருக்கு மேலே நீட்டிய பெண்ணின் கை இன்னும் டாட்டா காட்டிக்கொண்டிருந்தது.