வரலை

பொத்தானை அழுத்திய கையோடு, பழக்கதோஷத்தில், "வந்துச்சா?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

"வரலை" என்று பதில் வந்தது.

அடுத்த திருகைக் கழற்றத் தொடங்கும்வரை அதில் தவறு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. பிறகுதான் திருப்புளி பிடித்த கை அப்படியே நின்றது. வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. கூடத்து சோபாவில் சாய்ந்தபடி அந்தப் பதிலைச் சொல்லிவந்த அண்ணன் போன மழைக்காலத்தில் இறந்துபோனான்.

பின்னறையில் கேம் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது அவள் வேலை. அங்கிருந்து நீளமாக இழுத்த கேபிளின் மறுமுனையில், கூடத்து டிவியில் படம் வருகிறதா என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. இத்தனை வருஷத்தில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டதில் பாதி அந்த இரண்டு சொற்கள்தான். சில நாள் அவன், "வரலை. உனக்கு வேலையும் இன்னும் வரலை" என்பான். "வாயை மூடிக்கிட்டு டிவியைப் பாரு" என்பாள் அவள். இப்போதெல்லாம் ஒவ்வொரு முறையும் அவளே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். வேலை அலுக்கவில்லை, போய்வரும் அந்தச் சிறு தூரம்தான் அலுத்துப்போயிருந்தது.

எழுந்து கூடத்துக்குப் போனாள். சோபா காலி. மழைக்கு முந்தைய சாயங்கால வெளிச்சம் தரையில் அழுக்குத் தண்ணீர்போலப் பரவியிருந்தது. டிவியில் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மாடிவீட்டுப் பேச்சாக இருக்கும் என்று திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் சுவர்; இடையில் ஒரு கை நுழையும் இடம்கூட இல்லை.

மேசையில் இருந்த கேம் பெட்டி ஒரு நர்ஸினுடையது. "நாடி பிடிச்சுப் பார்த்துட்டேன்க்கா, சுத்தமா இல்ல. இது எழுந்திருக்கிற வரைக்கும் சாப்பிட மாட்டேன்னு பையன் உட்கார்ந்திருக்கான்" என்று காலையில் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போயிருந்தாள். பொத்தானை அழுத்தினால் விளக்கு ஒருமுறை கண்சிமிட்டி அணைந்தது. மின்கம்பியில் குறையில்லை. பவர் சப்ளையும் சரியாகவே கொடுத்தது. அப்படியென்றால் போர்டில் எங்கோ ஷார்ட். மீட்டர் முனையை வைத்ததும் அது விடாமல் கீச்சிட்டது. போர்டின் மேல் ஸ்பிரிட்டைத் தடவி, மின்சாரம் கொடுத்துவிட்டுக் குனிந்து காத்திருந்தாள். சூடேறும் இடம்தான் முதலில் காயும். காரமான அந்த வாடை மூக்கில் ஏற, கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்றைச் சுற்றி ஈரம் விலகியது.

அதை எடுத்துவிட்டாள். பொத்தானை அழுத்தினாள். எழுந்து போய் டிவியைப் பார்த்திருக்கலாம்.

"வந்துச்சா?" இந்த முறை தெரிந்தேதான் கேட்டாள்.

"வரலை."

வாய்க்குப் பழகாத சொல்லைச் சொல்லிப் பார்ப்பதுபோல இருந்தது. அண்ணன் அப்படிப் பேசமாட்டான். ஆனாலும் அவன்தான் என்று வைத்துக்கொண்டாள். நெஞ்சு அடித்துக்கொண்டது, அதில் பயத்தைவிட வேறொன்று கூடுதலாக இருந்தது. இத்தனை மாதத்தில் இந்த வீட்டில் அவள் கேட்ட கேள்விக்குக் கிடைத்த முதல் பதில் அது.

போன் அடித்தது. நர்ஸ்.

"என்னக்கா, பேஷன்ட் பிழைச்சிடுமா?"

"பார்த்துக்கிட்டிருக்கேன்மா. இன்னும் ஒரு பார்ட் போடணும்."

"சரிக்கா. ஆள் இருக்காங்க போல, அப்புறம் பேசுறேன்."

"ஆளா?"

"உங்க பக்கத்துலதான், போன்கிட்டயே. வரலை, வரலைன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்களே. யாருக்காகக் காத்திருக்கீங்க?"

போனை வைத்தாள். காதைத் தீட்டினாள். மின்விசிறியின் சத்தம். வெளியே முதல் தூறல்.

வரலை. படம் வரலை என்றுதான் இதுவரை எடுத்துக்கொண்டாள். அது வரலை என்றாலும் வரலைதான். நான் இன்னும் வரலை என்றாலும் அதே வரலைதான்.

நிறுத்திவிடலாம். விளக்கைப் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டி, தெருவுக்குப் போய்விடலாம். போய்விட்டுத் திரும்பி வந்தால்? யாரும் பதில் சொல்லாத அதே வீடு.

புது கெப்பாசிட்டரை இடுக்கியால் வைத்தாள். ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை எடுத்தாள். ஈயம் உருகிப் பளபளத்தது. சூட்டுக்கோலைக் கையில் பிடித்தபடியே பொத்தானை அழுத்தினாள்.

விளக்கு நின்று எரிந்தது. அணையவில்லை.

கூடத்தில் நீல வெளிச்சம் பரவியது. படம் வந்துவிட்டது, இங்கிருந்தே தெரிந்தது. கேட்க ஒன்றுமில்லை.

கேட்டாள்.

"அண்ணா. வந்துட்டியா?"

கூடம் பேசவில்லை.

"வந்துட்டேன்."

காதோரம். சுவரும் நாற்காலியும் ஒட்டியிருந்த இடத்திலிருந்து.

அவள் திரும்பவில்லை. தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. சூட்டுக்கோலைக் கேட்பதுபோல நீண்டது. பிடியைத் தொடவில்லை. பழுக்கச் சூடேறிய நுனியைப் பிடித்தது. புகை இல்லை. சீறல் இல்லை. அண்ணனின் விரல்கள் குட்டை. இவை நுனியை ஒருமுறை சுற்றின. இன்னொரு முறை சுற்றின. பிடியைக் கடந்து அவள் மணிக்கட்டை நோக்கி, இன்னும் நீண்டுகொண்டிருந்தன.