குளிர்ந்த முனை

ஹீட்டர் ஒயரைப் பிடுங்கிப் பத்து நிமிடமாகியும் அந்தக் கறுப்புத் துண்டின் ஒரு முனை மட்டும் சூடு இறங்காமல் இருந்தது.

சபிஹா கணினித் திரையைத் தட்டிப் பார்த்தாள். தட்டினால் எதுவும் சரியாகிவிடும் என்கிற நம்பிக்கை பிஎச்.டி. வரை படித்தாலும் போவதில்லை. இடுப்பளவு உயரமான எஃகு உருளைக்குள், காற்றை முழுக்க உறிஞ்சியெடுத்த வெறுமையில், அரிசி நீளமே உள்ள அந்தத் துண்டு இருந்தது. தாமிரமும் ஆக்சிஜனும் சேர்ந்த, கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீகடத்தி. திரவ நைட்ரஜன் அதை மைனஸ் நூற்றுத் தொண்ணூறு டிகிரிக்கு இறக்கியிருந்தது. ஒரு முனையைக் கொஞ்சம் சூடாக்கினால் இரு முனைகளுக்கும் இடையே துளியூண்டு மின்னழுத்தம் பிறக்கும். உள்ளே எலெக்ட்ரான்கள் எப்படி நடமாடுகின்றன என்பதை அது சொல்லிவிடும். மீகடத்தும் குளிரிலோ அந்த மின்னழுத்தம் பூஜ்யமாகிவிட வேண்டும். இன்று ஆகவில்லை. சூடான முனை இன்னும் சூடாகிக்கொண்டிருந்தது.

வெளியே உள்ள பம்பைப் பார்த்துவரலாம் என்று கதவை இழுத்தாள். பூட்டியிருந்தது.

ஆய்வகத்துக்குள் யாரும் செருப்புடன் வருவதில்லை. வாசலில் செருப்பு கிடந்தால் ஆள் இருக்கிறது, கிடக்காவிட்டால் இல்லை. வாட்ச்மேன் நல்லுசாமிக்கு இதுதான் வருகைப்பதிவு. இன்று மழைச்சாரல் அடித்ததால் அவள் செருப்பை உள்ளே எடுத்து வைத்திருந்தாள். போன் போட்டாள்.

"நல்லுசாமிண்ணே, நான் உள்ளதான் இருக்கேன். பூட்டிட்டுப் போயிட்டீங்களே!"

"அடடா! வாசல்ல செருப்பக் காணம், போயிட்டீகன்னு நெனச்சேன்மா. நான் ஆடு பாக்க அய்யலூர் சந்தைக்கு வந்துட்டேனே. செத்த நேரம் பொறுங்க, இந்தா வாரேன்."

இன்னொரு சாவி பேராசிரியரின் பையில் இருந்தது; பேராசிரியர் சென்னையில் இருந்தார். வேறு வழியில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். திண்டுக்கல் வெயில் எட்டிப்பார்த்தால் அளவு கெட்டுவிடும் என்று ஜன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்த அறை அது. சிமெண்டு வாசனையும் பம்ப் எண்ணெய் வாசனையும் எப்போதும் இருக்கும். இன்று அதற்கு அடியில், மழையில் நனைந்த தலைமுடியின் வாசனை போல இன்னொன்று. அவள் தலை நனையவில்லை.

திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. மைனஸ் நூறு. மைனஸ் நாற்பது. பூஜ்யம். நைட்ரஜன் தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தாள், நிறையவே இருந்தது. கசிவோ என்று, அறையின் ஆக்சிஜன் குறைந்தால் அலறும் சுவர்க் கருவியைப் பார்த்தாள். பச்சை விளக்கு நிதானமாக எரிந்தது. எண் முப்பத்தேழில் வந்து நின்றது.

முப்பத்தேழு. மனுஷ உடம்பின் சூடு.

அவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது. சூடு சும்மா பிறக்காது. ஓரிடத்தில் ஏறினால் இன்னோரிடத்தில் இறங்கியாக வேண்டும். எங்கே இறங்குகிறது?

ஏசி ஓடவில்லை. ஆனாலும் பாதம் மரத்திருந்தது. முழங்கால் மரத்தது. நல்லுசாமியை மறுபடி கூப்பிடலாம் என்று போனைத் தொட்டாள். திரை அசையவில்லை. அழுத்தினாள். தேய்த்தாள். அவள் விரலை அது விரலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளங்கையை வாயருகே வைத்து ஊதினாள். மூச்சில் சூடு இல்லை.

இன்னொரு முறை ஊதினாள். மூச்சே இல்லை.

எழ நினைத்தாள். கால் வரவில்லை.

வெளியே பைக் சத்தம். படியில் காலடி. பூட்டுக்குள் சாவி நுழைந்தது. அல்லாவே, வந்துவிட்டார்.

"ஏம்மா, உள்ளதான இருக்கீக?"

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"இருக்கேண்ணே." உருளைக்குள்ளிருந்து வந்தது அது. அவளுடைய குரல். "இப்பத்தான் ரீடிங் சரியா வருது. கதவத் தெறந்தா கெட்டுரும்."

"அப்ப எப்ப வரட்டும்?"

"நாளைக்கு வாங்க. வீட்டுக்கு நானே சொல்லிக்கிறேன்."

"தனியா பயமா இருக்காதாம்மா?"

அது சிரித்தது. அவள் சிரிப்புத்தான். "பயமென்னண்ணே, பழகுன எடந்தான்."

இல்லை. அண்ணே. திறங்க. அண்ணே.

"அதுஞ்சரி. மழை வேற வலுக்குது, நான் போறேன்."

சாவியை உருவினார். காலடி படியிறங்கியது. பைக் கிளம்பி, சத்தம் தேய்ந்து, மழைக்குள் போயிற்று.

உருளையின் மூடியில் ரூபாய்க் காசளவு கண்ணாடி ஒன்று உண்டு. அதன் உட்பக்கத்தில் ஆவி படிந்தது. ஒரு விரல் அதைத் துடைத்துவிட்டது.