பனிக்குள் எழுந்த கையுறைகள்

மாலை மணி நாலு. சீஃபர்ன் மேட்டில் கடல்பனி விலகத் தொடங்கியபோது, குதிரைப் பந்தய ஓடுபாதையை ஒட்டிய பள்ளத்தில் பெர்சி டல்லட் மல்லாந்து கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது. வெள்ளைக் கையுறை இல்லாமல் அவனை அந்த மைதானத்தில் யாரும் பார்த்ததில்லை. இன்று கைகள் வெறுங்கைகளாக இருந்தன.

இன்ஸ்பெக்டர் டாப்ஸன் பிணத்தைப் புரட்டச் சொல்லி, அடியில் இருந்த புல்லைத் தடவிப் பார்த்தார். சுற்றிலும் புல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அந்த இடம் மட்டும் காய்ந்து கிடந்தது.

"பனி எப்ப ஏறிச்சு?"

"மூணு மணி இருக்கும் சார்."

"அப்ப அதுக்கு முன்னாடியே ஆள் முடிஞ்சாச்சு."

கான்ஸ்டபிளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சார்... மூணு இருபதுக்கு இவன் மேட்டு விளிம்புல நின்னு விலை காட்டியிருக்கான். பந்தயப் பணம் வாங்கற புக்கிங்க வரிசை மொத்தமும் பாத்திருக்கு."

டாப்ஸன் நிமிர்ந்து பார்த்தார். லாடம்போல் வளைந்து, பள்ளத்தில் விழுந்து, மறுபடி மூச்சு முட்ட மேடேறும் கோணல் மைதானம் அது. அதன் விளிம்பில் ஒரு முக்காலி அநாதையாக நின்றது. அதன்மேல் ஏறி, பெரிய புள்ளிகள் பக்கம் எந்தக் குதிரைக்கு என்ன விலை ஓடுகிறது, கட்டும் பணத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கைச்சைகையில் புக்கிகளுக்குச் சொல்வதுதான் பெர்சியின் பிழைப்பு. பேய் பிசாசில் டாப்ஸனுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த முக்காலியைப் பார்த்தபோது முதுகுத்தண்டு சில்லிட்டது.

மணி நாலரை. குதிரைக்காரர்களை எடை பார்க்கும் அறையில் விசாரணை. முதலில் வந்தவன் புக்கி கின்ச்சின் கணக்குப்பிள்ளை சிட்னி. கையில் இருந்த தேநீர்க் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு நின்றான்.

"என்ன பாத்தே?"

"ஆளே தெரியல சார். வெறும் ரெண்டு வெள்ளைக் கை. பனிக்குள்ள மிதந்துச்சு."

"என்ன விலை?"

"ஏழுக்கு நாலு. நாலு கட்டினா ஏழு லாபம். ஊர்ப் பக்கத்துக் கை எழுந்து வந்து, கடல் பக்கத்துத் தோள்ல மெதுவா உட்காந்துச்சு. தினம் பாக்கற சைகைதான். ஆனா இன்னிக்கு என்னமோ மாறித் தெரிஞ்சுது. செத்தவன் காட்டறதுன்னா அப்படித்தான் இருக்கும்போல."

"உன் முதலாளி என்ன சொன்னார்?"

"அவர் அப்ப இல்ல சார். பனி ஏறதுக்கு முன்னாடியே வயித்துக் கோளாறுன்னு ஒதுங்கிட்டார். குதிரைங்க கிளம்பறப்பதான் வந்து, புக்கிங்க நிக்கற பெட்டி மேல ஏறினார். அப்புறம் பொணம் கிடைக்கிற வரைக்கும் இறங்கவே இல்ல."

அடுத்தவன் ஜாக் ஃபென். மைதானத்தில் இருந்த இன்னொரு சைகைக்காரன்; பெர்சியின் அக்கா நெல் என்பவளைக் கட்டியவன். கான்ஸ்டபிள் ஏற்கெனவே அவன் கையில் விலங்கு மாட்டியிருந்தார். செத்தவனுக்குப் பதிலாகக் கொலைகாரன்தான் நின்று சைகை காட்டியிருக்க வேண்டும். அந்த வித்தை தெரிந்த மற்றொருவன் இவன்தானே என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு நின்றால் ஜாக்குக்குத் தூக்குக்கயிறுதான்.

"மூணு இருபதுக்கு எங்க இருந்தே?"

"குதிரை லாயத்துக்குப் பின்னால சார். அங்க பனி இன்னும் அடர்த்தி, என் கை எனக்கே தெரியல. புகைபிடிக்கப் போனேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"காலைல சண்டை போட்டீங்களாமே?"

"போட்டோம். ஒரு புக்கி, குதிரைக்காரனுக்குக் கைக்கூலி குடுத்து ஜெயிக்கிற குதிரையை இழுத்துப் பிடிக்க வைக்கிறானாம். இன்னிக்கே மேலிடத்துல சொல்லப் போறேன்னு குதிச்சான். உனக்கெதுக்கு மச்சான் ஊர்வம்பு, வாயை மூடிக்கிட்டு இருன்னேன். ஆள் யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லல."

சுவரோரம் நெல் நின்றிருந்தாள். கீழே பள்ளத்தில் தம்பியின் பிணம். எதிரே புருஷன் கையில் விலங்கு. அவள் அழவில்லை. புருஷன் பக்கம் திரும்பவும் இல்லை. டாப்ஸனுக்கு அதுதான் மனசைப் பிசைந்தது.

மணி ஐந்து. டாப்ஸன் தனியாகப் போய், புக்கிகள் வரிசையைப் பார்த்தபடி முக்காலியில் ஏறி நின்றார். வலது பக்கம் கடல், இடது பக்கம் ஊர். சிட்னி சொன்னதை அப்படியே செய்து பார்த்தார். கையை இறக்கிக்கொண்டு விறுவிறுவென்று அறைக்குத் திரும்பி, எல்லோரையும் கூப்பிட்டார்.

"ஜாக், ஏழுக்கு நாலு காட்டு."

விலங்கைக் கழற்றினார்கள். ஜாக் யோசிக்காமல் வலது கையை இடது தோளில் வைத்தான்.

"கின்ச், நீங்க?"

கொழுத்த கின்ச் சிரித்தார். "முப்பது வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன், இது என்ன பிரமாதம்?" அவருடைய இடது கை எழுந்து வலது தோளில் அமர்ந்தது.

டாப்ஸன் அந்தக் கையைச் சுட்டிக்காட்டினார்.

"முப்பது வருஷமும் எதிர்ல நின்னுல்ல பாத்தீங்க?" என்றார் டாப்ஸன். "கண்ணாடியில பாக்கற மாதிரி. சைகைக்காரன் இருட்டுலயும் வலது கையைத்தான் தூக்குவான். முக்காலில நின்னா அது கடல் பக்கத்துக் கை. சிட்னி பாத்தது ஊர்ப் பக்கத்துக் கை. இடது கை. மத்தவங்க விலையை மட்டும் பாத்தாங்க. எந்தக் கைன்னு யார் பாத்தா? காட்டினது ஜாக்கும் இல்ல, பேயும் இல்ல. சைகையைப் படிக்க மட்டுமே தெரிஞ்ச ஒரு புக்கி."

"எந்தப் புக்கியும் இப்படித்தான்யா காட்டுவான்!" என்று கத்தினார் கின்ச்.

"காட்டுவான். ஆனா மத்த புக்கிங்க எல்லாம் அப்ப பெட்டி மேல நின்னு அந்தக் கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க. வியாபாரம் சூடா இருக்கிற நேரத்துல கடையை விட்டுட்டுப் போன புக்கி நீர் ஒருத்தர்தான். விலை வரலன்னா உடனே தேடுவாங்க. அதனால பெர்சி இன்னும் கொஞ்ச நேரம் உயிரோட இருக்கற மாதிரி காட்டினீர். அப்புறம் எல்லார் கண்ணுக்கும் நேரா பெட்டி மேல ஏறி நின்னுக்கிட்டீர். அங்கயிருந்து இறங்காத ஆளு கையுறையை எங்க தூக்கிப் போட்டிருப்பீர்?"

கின்ச்சின் கை தன்னையறியாமல் கோட்டுப்பைக்குப் போனது. கான்ஸ்டபிள் அதைப் பிடித்து வெளியே இழுத்தார். ஈரம் காயாத வெள்ளைக் கையுறைகள் மேஜையில் விழுந்தன. ஒன்றின் விரல்நுனியில் ரத்தம் இருந்தது.

"போய்ச் சொல்லாதேன்னு கெஞ்சினேன்," என்றார் கின்ச். "கேக்கல." கான்ஸ்டபிள் அவர் கையில் விலங்கை மாட்டினார். அழைத்துக்கொண்டு போனார்கள்.

அறையில் ஜாக்கும் நெல்லும் மிஞ்சினார்கள். டாப்ஸன் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். ஆனாலும் காதில் விழுந்தது.

"வீட்டுக்குப் போலாமா நெல்?" என்றான் ஜாக்.

"நான் நம்பிட்டேன் ஜாக்," என்றாள் அவள். "நீதான் பண்ணியிருப்பேன்னு நானும் நம்பிட்டேன்."

ஜாக் விலங்கு இருந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டான்.