வியாழக்கிழமை ஐந்து மணிக்கு, ஜன்னலோரம்

“லிஃப்ட் பக்கம் போகாதீங்க. அது செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. கால் நல்லாத்தானே இருக்கு? படியேறுங்க” என்றார் வாசற்காவலர் ஷெஹாத்தா, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே.

ஈனாஸ் படியேறினாள். நான்கு மாடி. அலெக்சாந்திரியாவில் கடலைப் பார்த்த பழைய கட்டடங்களுக்கெல்லாம் ஒரே வாசனைதான்: உப்பு, ஈரச் சுண்ணாம்பு, யார் வீட்டிலோ வதங்கும் வெங்காயம். படிக்கட்டுக்கு நடுவே லிஃப்டின் குழி மேலிருந்து கீழ்வரை கறுப்பாக இறங்கியது. ஒவ்வொரு மாடியிலும் அதன் இரும்புக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது சங்கிலி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. காற்றுதான். டிசம்பரில் இந்த ஊரில் காற்றுக்கா பஞ்சம்!

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், நாலாம் மாடியிலிருக்கும் இதே பயிலகத்தில் ஆங்கிலம் படித்துச் சான்றிதழ் வாங்கிப் போனவள் ஈனாஸ். அது இப்போது காலாவதி. போன வசந்தத்தில் அம்மா போய்ச் சேர்ந்தபின் வீட்டில் அவளோடு பேச ஆளில்லை. ரேடியோவோடு பேசினாள், அடுப்போடு பேசினாள். கடைசியில், தான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு இருமல் மருந்து கேட்டு வருபவரைப் பத்து நிமிஷம் நிறுத்திவைத்துப் பேசும் அளவுக்கு வந்துவிட்டாள். தங்கை நிஹால் மஸ்கட்டில் இருக்கிறாள். “புதுச் சான்றிதழோட வாக்கா, எங்க ஆஸ்பத்திரி மருந்தகத்துலயே சேத்துவிடறேன். என் வீட்டுலயே இருந்துக்க” என்று சொல்லியிருந்தாள். ஒரே ஒரு காகிதம். அது கிடைத்தால் இன்னொரு மனுஷக் குரல் கேட்கும் வீட்டில் தூங்கலாம். ஈனாஸுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்தக் காகிதத்தைப் பயிலகம் நடத்தும் கலீலா மேடம் சும்மா தரமாட்டார். வகுப்பறை அலமாரியில் இருக்கும் ஆங்கில நாவல்களில் ஐந்தைப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றின் பின்னட்டைக்குள்ளும் ஒரு அட்டை ஒட்டியிருக்கும். அதில், அடுத்துப் படிப்பவருக்குப் பரிந்துரை எழுத வேண்டும். வியாழக்கிழமை எழுந்து நின்று வாய்விட்டும் சொல்ல வேண்டும். உங்கள் பேச்சை நம்பி ஒருவர் அதைப் படித்து முடித்தால், அவர் உங்களைத் தேடி வருவார். நீங்கள் அவருக்கு ஒரு கிளாஸ் தேநீர் கொடுத்து, உட்கார்ந்து கதையைப் பேச வேண்டும். மற்றதில் எப்படியோ, இதில் மேடம் கறார்.

அன்று செருப்புக்கடை ரம்ஸியின் முறை. ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்லி மூச்சுத் திணறி, அரபிக்கே திரும்பிவிட்டான்.

“கொலை பண்ணினது யாருன்னு சொல்லமாட்டேன். சமையல்காரன் இல்ல, அதை மட்டும் சொல்றேன்.”

“அடப்பாவி! கதைல இருக்கறதே மூணு பேருதான்னு இப்பத்தானே சொன்னே?” என்றாள் பின்வரிசைப் பெண் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. ஈனாஸும் சிரித்தாள். சத்தமாகச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு அலமாரியைத் துழாவினாள். கீழ்த்தட்டில், நனைந்து காய்ந்து உப்பிப்போன ஒரு நாவல் கையில் வந்தது. காணாமல் போன தங்கையைத் தேடி ஒரு பெண் தீவு தீவாகப் போகும் கதை. புரட்டினாள். கடைசி அத்தியாயம் இல்லை. பக்கங்கள் பிய்ந்து போயிருந்தன. பின்னட்டைக்குள் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் முகம் சுட்டது.

அவளுடையதேதான்.

‘இதைக் கட்டாயம் படியுங்கள். முடிவில் அழுதுவிட்டேன். வியாழக்கிழமை ஐந்து மணிக்கு, ஜன்னலோரம் இருப்பேன். வாருங்கள். ஈனாஸ்.’

எங்கே அழுதாள்? முப்பது பக்கத்துக்கு மேல் அவள் படித்ததே இல்லை. அப்போது மறுநாளே சான்றிதழுக்குக் கடைசி நாள். ஐந்தாவது அட்டை குறைந்தது. படிக்காமலே எழுதிவிட்டாள். எல்லோரும் செய்வதுதான். சான்றிதழ் கைக்கு வந்தபின் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

அவள் எழுத்துக்குக் கீழே நீல மையில் வேறொரு கை எழுதியிருந்தது. பொடிப்பொடியான, அடக்கமான எழுத்து.

‘நீங்கள் சொன்னதால் படித்தேன். ஒரு அத்தியாயம் மிச்சம் வைத்திருக்கிறேன். உங்களோடு படிக்க. ரக்தா.’

‘இன்று வந்தேன். நீங்கள் இல்லை.’

‘இன்றும் வந்தேன். உடம்பு சரியில்லையா?’

இப்படி ஏழு வியாழக்கிழமைகள். ஏழாவதற்குப் பதினோரு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் தேதி. ‘புயல் அடிக்கிறது. ஆனாலும் வருகிறேன். இன்று கட்டாயம் இருப்பீர்கள்.’

ஈனாஸ் புத்தகத்தை மூடிவிட்டுக் கீழே வந்தாள்.

“ரக்தான்னு ஒரு பொண்ணு இங்க படிச்சாளா, மாமா?”

ஷெஹாத்தா கிழங்கைக் கீழே வைத்தார்.

“அந்தப் பேரை எதுக்குக் கேக்கறீங்க? தாயில்லாப் பொண்ணு. அத்தை வீட்டுல இருந்தா. வாயத் திறந்து ரெண்டு வார்த்தை பேசமாட்டா. வியாழக்கிழமை ஆனா மட்டும் முகமெல்லாம் சிரிப்பா வருவா. ‘ஒருத்தங்க எனக்கு டீ குடுக்கப்போறாங்க மாமா’ன்னு சொல்லுவா. யாருன்னு கேட்டா பேரைச் சொல்லமாட்டா. வாராவாரம் ஜன்னல்கிட்ட உக்காந்துட்டு, இருட்டினதும் இறங்கிப் போவா.”

“அப்புறம்?”

“வருஷா வருஷம் டிசம்பர்ல வருமே காஸிம் புயல், அன்னிக்கு வகுப்பு கிடையாது. அது தெரியாம வந்துட்டா. மேல காத்திருந்துட்டு இறங்கறப்போ கரன்ட் போச்சு. நாலாம் மாடில லிஃப்ட் கதவு திறந்துச்சு. லிஃப்ட்தான் அங்க இல்ல.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “குழில இடுப்பளவு மழைத்தண்ணி. புத்தகத்தைக் கெட்டியாப் பிடிச்சிருந்தா. அல்லா அவளுக்கு இரங்கட்டும்.”

தேநீர் தருவதாகச் சொன்னது யாரென்று அவர் கேட்கவில்லை. ஈனாஸும் சொல்லவில்லை. டிராமில் வீடு வரும்வரை அழுதாள். வீட்டிலும் அழுதாள். ஒரு பொய் அட்டை, ஒரு கிளாஸ் தேநீர். இதற்காகவா ஒரு பெண் சாவாள்!

அடுத்த வியாழக்கிழமை இந்த வருஷத்துக் காஸிம் புயல் வந்தது.

காலையிலிருந்தே கடல் சாலைமேல் ஏறி அடித்தது. வகுப்பு இல்லை என்று மேடம் செய்தி அனுப்பினார். ஈனாஸ் ஃபிளாஸ்கில் தேநீர் ஊற்றினாள், புதினா போட்டாள், இரண்டு கிளாஸைத் துணியில் சுற்றினாள். ஏன் போகிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான், வாங்கிக்கொள்ள ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பேசாமல் கிளம்பிவிட்டாள்.

ஷெஹாத்தாவின் நாற்காலி காலியாக இருந்தது. வகுப்பறைச் சாவி வழக்கம்போல கதவு நிலையின் மேலே இருந்தது. ஜன்னலோர மேசையில் இரண்டு கிளாஸையும் வைத்தாள், பக்கத்தில் அந்த நாவலை வைத்தாள். வெளியே கடல் சாம்பலாகிக் கறுப்பாகிக்கொண்டிருந்தது. மணி ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் விளக்கு அணைந்தது.

மழை. ஜன்னல் கண்ணாடியின் நடுக்கம். வேறு சத்தமில்லை.

பிறகு ஒரு சங்கிலி குலுங்கியது.

கீழே, வெகு கீழே, ஏதோ இரும்பு இரும்போடு உரசிப் புறப்பட்டது. மெல்ல மேலே வந்தது. முதல் மாடி. இரண்டாவது. பழைய மசகின் நாற்றம் கதவிடுக்கு வழியே உள்ளே நுழைந்தது.

மூன்றாவது.

நான்காவது.

நின்றது.

இரும்புக் கதவு இழுபட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. ஈரக் காலடிகள் வந்தன. அவசரமில்லாத, கூச்சமுள்ள காலடிகள். புது வகுப்புக்குள் நுழையத் தயங்கும் மாணவியின் நடை. ஈனாஸ் எழுந்து ஓட நினைத்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

எதிர் நாற்காலி கிறீச்சிட்டது.

“நீங்கதானே ஈனாஸ்?” காதோரம் கேட்டதுபோல் ஒரு கிசுகிசுப்பு.

“ஆமா.”

“எவ்வளவு நேரம் காத்திருந்தேன்.”

“மன்னிச்சுக்கம்மா.”

“பரவாயில்ல. கடைசில அந்த அக்கா தங்கச்சியைக் கண்டுபிடிச்சாளா? நீங்க அழுதீங்களே, அந்த இடம் சொல்லுங்க.”

ஈனாஸின் வாய் பழக்கதோஷத்தில் திறந்துகொண்டது. “கண்டுபிடிச்சுட்டா. ரெண்டு பேரும் சந்தோஷமா ஊருக்குத் திரும்பி…”

எதிரே இருந்த கிளாஸ் மேசையில் தடதடவென்று ஆடியது. அறை முழுக்கக் குழித்தண்ணீரின் அழுகல் வாடை.

“இதுவும் பொய்யா?”

ஈனாஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “நான் படிக்கல. முப்பது பக்கம்தான் படிச்சேன். சான்றிதழுக்காக எழுதிட்டேன். யாராவது நம்பி வருவாங்கன்னு நெனைக்கவே இல்லம்மா. சத்தியமா நெனைக்கல.”

பிறகு மேசைமேல் ஏதோ சொத்தென்று விழுந்தது. கைபேசி வெளிச்சத்தில் பார்த்தாள். நனைந்து ஒட்டிக்கிடந்த பதினோரு தாள்கள். கடைசி அத்தியாயம்.

“நானும் படிக்கல. சேர்ந்து படிப்போமா?”

ஈனாஸ் படித்தாள். ஈரத் தாளை ஒவ்வொன்றாகப் பிரித்து, தெரியாத வார்த்தை வந்தால் ஊகித்து, அரபியில் விளக்கி, வாய்விட்டுப் படித்தாள். அக்கா கடைசித் தீவில் தங்கையைக் கண்டுபிடிக்கிறாள். ஆனால் அங்கிருந்து திரும்பப் படகு கிடையாது. தங்கைக்குத் துணையாக அவளும் அங்கேயே இருந்துவிடுகிறாள். படித்து முடித்தபோது ஈனாஸ் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். எதிரிலும் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சொல்ல வெட்கம்தான், ஆனால் அம்மா போனபின் யாரோடும் அவள் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. பயத்துக்கு அடியில் மனசு எங்கோ நிறைந்திருந்தது.

“டீ நல்லா இருந்துச்சு” என்றது குரல்.

விளக்கு வந்தது. எதிர்க் கிளாஸ் காலி. நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே லிஃப்ட் கதவில் பூட்டு அப்படியே இருந்தது. சங்கிலி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அதோடு தீர்ந்தது என்றுதான் ஈனாஸ் நினைத்தாள். இனி ஒரு வரிகூடப் பொய்யாக எழுதுவதில்லை என்று முடிவு செய்தாள். ஜனவரிக்குள் நான்கு நாவல்களை அட்டை முதல் அட்டை வரை படித்து, நான்கு உண்மையான பரிந்துரைகள் எழுதினாள். ரம்ஸிகூட அவள் சொன்னதைக் கேட்டு ஒன்றை எடுத்துப்போய், முடித்துவிட்டுத் தேநீர் கேட்டு வந்தான். “செருப்புக்காரனை அழவெச்சுட்டீங்களே!” என்றான்.

ஐந்தாவதை எடுக்க அலமாரியைத் திறந்தாள். ஒல்லியான ஒரு காதல் கதை. வழக்கம்போல முதலில் பின்னட்டையைப் பிரித்தாள்.

நீல மை. இன்னும் ஈரம்.

‘இதைக் கட்டாயம் படியுங்கள். முடித்ததும் என்னைத் தேடி வாருங்கள். இந்தத் தடவை தேநீர் நான் தருகிறேன். ரக்தா.’

அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். அதிலும் இதே எழுத்து. இன்னொன்றிலும்.

“ரம்ஸி, இந்த அட்டையைக் கொஞ்சம் பாருங்க.”

அவன் வாங்கிப் பார்த்தான். “காலியாத்தானே இருக்கு? எழுதுங்க, எழுதுங்க” என்று திருப்பிக் கொடுத்தான். கொடுத்த கையைப் பார்த்து முகம் சுளித்து, விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். துடைத்த இடத்தில் நீலம் படிந்தது.

அன்று மாலை நிஹால் கூப்பிட்டாள். “இந்த மாசக் கடைசிக்குள்ள காகிதம் வரலைன்னா வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கக்கா. ஒரே ஒரு புத்தகம்தானே? படிச்சமா, எழுதினமான்னு முடியேன்!”

படிக்காமல் எழுதினால் என்ன ஆகும் என்று ஈனாஸுக்குத் தெரியும். படித்து முடித்தால் எங்கே போக வேண்டும் என்பதும் தெரியும். இதை எந்தத் தங்கையிடம் போனில் சொல்வது? காதல் கதையை வீட்டுக்குக் கொண்டுவந்து, நாளுக்கு இரண்டு பக்கம் மட்டும் படித்தாள். அடையாளத்துக்கு ஒரு டிராம் சீட்டை வைத்தாள். வீடு பழையபடி அமைதியாக இருந்தது. சில சமயம் அந்த அமைதியில் இன்னொரு கிளாஸை எடுத்து வைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை தூங்கப் போகும்போது நூற்றுப்பத்துப் பக்கம் பாக்கி இருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள்.

காலையில் டிராம் சீட்டு கடைசி அத்தியாயத்தின் தொடக்கத்தில் இருந்தது. எடுத்துத் திருப்பினாள்.

‘ஒரு அத்தியாயம் மிச்சம் வைத்திருக்கிறேன். உங்களோடு படிக்க.’

அன்று அவள் கடைக்குப் போகவில்லை. கதவைத் தாழிட்டு, எல்லா விளக்கையும் போட்டு, புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதியம் போய் மாலை வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ தொலைக்காட்சியில் சிரித்தார்கள்.

ஐந்து மணிக்குக் கீழே ஒரு சங்கிலி குலுங்கியது. இரும்பு இரும்போடு உரசி, மெல்ல, மாடி மாடியாக மேலே வந்து, அவள் வாசலுக்கு நேரே நின்றது. கதவு இழுபட்டுத் திறந்தது.

ஈனாஸ் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது.