வெறுங்காலுக்கு வழிவிடும் பாதை

பவுனம்மாள் செருப்பைக் கழற்ற மறுத்தாள்; ஆகவே சாலை அவளை இளைஞர்களோடு ஓடச் சொன்னது.

நகரின் நடைபாதைகளுக்கெல்லாம் அறிவு புகட்டப்பட்டிருந்த காலம் அது. ‘காலறி’ என்னும் பொறி, மிதிக்கும் பாதத்தைக் கொண்டே மனிதரை வகுத்தது. சாலையைக் கடக்க விரைவோருக்குச் சட்டென அணையும் குறும்பச்சை விளக்கு, சுமப்போருக்கும் தளர்ந்தோருக்கும் நீண்டெரியும் நெடும்பச்சை. ஒவ்வொருவர் தேவையையும் அறிந்த பாதை என்று மேடைதோறும் முழங்கினார்கள். பவுனம்மாளுக்குத் தலையில் காய்கறிக் கூடை, முழங்காலில் வாதம். ஆயினும் பாதி கடப்பதற்குள் பச்சை அணைந்தது. சந்தைக்குப் போன மற்றச் சுமைக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் காலையிலேயே கடந்துவிட்டிருந்தனர். ஓட்டுநரில்லா வண்டிகள் சீறிப் பாய, நட்டநடுத் திட்டில் அவள் மட்டும் சிறைப்பட்டாள்.

காலறியை வடித்த பொறியாளர் இளம்பரிதி எதிர்ப்புறமிருந்து அதைக் கண்டு ஓடி வந்தார். திட்டில் ஏறுகையில் கணுக்கால் பிசகியது.

“செருப்பைக் கழட்டுங்கம்மா. நீளப் பச்சை விழும்,” என்றார், வலியில் பல்லைக் கடித்தபடி.

“சுமை தலையில இருக்கு. உங்க மிஷின் ஏன் சார் காலை மோந்து பார்க்குது?”

“மாதிரி எடுக்க, சுமை தூக்குறவங்களை எங்க ஆபீசுக்குக் கூப்பிட்டோம். எல்லாரும் வெறுங்காலோட நடந்தாங்க. மிஷின் அதையே அடையாளமா படிச்சிடுச்சு.”

“நானும்தான் வந்தேன்.”

“கழட்டுங்கன்னு நாங்க சொல்லலியே. நீங்களா வாசல்ல விட்டுட்டு வந்தீங்க.”

பவுனம்மாள் சிரித்தாள், அதில் ஈரமில்லை. “எங்க பாட்டனை இதே தெருவுல மிரட்டிக் கழட்ட வச்சாங்க. எங்களை மிரட்டக்கூட வேணாம்னு ஆயிடுச்சு. அதையும் மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்துட்டீங்க. இனி நான் கழட்டறதா இல்ல.”

தலைமுறைகள் போராடி ஒழித்த கட்டளையை, பிறப்பித்தவர் எவருமின்றித் தார்ச்சாலை மீண்டும் பிறப்பித்துக்கொண்டிருந்தது.

குறும்பச்சை வந்தது, இளம்பரிதி ஓரடி வைத்துச் சுருண்டார். அடுத்ததும் அணைந்தது. பொறியின் கண்ணுக்கு அவர் காலணி அணிந்த விரைவோரில் ஒருவர், அவ்வளவே. வெயில் உச்சியைப் பிளந்தது. இறுதியில் குனிந்தார், காலணிகளை அவிழ்த்தார், கொதிக்கும் தரையில் வெறும்பாதம் பதித்தார். உடனே நெடும்பச்சை மலர்ந்தது.

பவுனம்மாள் தோள் கொடுத்தாள், இரக்கம் காட்டவில்லை. அந்தத் தோளைப் பற்றவும் ஆடும் கூடையைத் தாங்கவும் இரு கைகளும் போய்விட, காலணிகளை எங்கே வைப்பதென்று அவர் விழித்தார்.

“கக்கத்துல இடுக்கிக்கங்க சார்,” என்றாள் அவள், செருப்புச் சத்தம் ஓங்க நடந்தவாறே. “எங்க பாட்டன் அப்படித்தான் இந்தத் தெருவைத் தாண்டுவாரு.”