கேர்பா பைல்வானின் பட்டுச் சட்டை

கேர்பா பைல்வான் நடந்து வந்தால் கோலாப்பூர்ச் சந்தையே வழிவிடும். அவ்வளவு தசை; இரண்டு கைகளும் விலாவில் ஒட்டவே ஒட்டாது. அதெல்லாம் போன வருஷம். சிறுநீரக நோய் வந்து உடம்பு பாதியாகிவிட்டது. கைகள் மட்டும் பழைய பழக்கத்தில் அகன்றே நின்றன.

“கக்கத்துல தர்பூசணி வச்சிருக்காரு பாருடா!” என்று தெருப் பையன்கள் சிரித்தார்கள். ஊர் வாயை நம்பவே கூடாது. நேற்று வரை தோளில் ஏறி விளையாடியவர்கள் அவர்கள்.

அன்று திருவிழாக் குஸ்தி. ஜெயிக்கிறவனுக்கு ஊரின் பழைய பைல்வான்தான் தலைப்பாகை கட்ட வேண்டும். இந்த வருஷம் கேர்பாவின் முறை.

“நான் வரலன்னு சொல்லிடு,” என்றார் மகள் ஷெவந்தாவிடம். பட்டுச் சட்டை தரையில் கிடந்தது. “கொடியில காயற மாதிரி தொங்குது. சிரிப்பாங்க.”

“யாரும் சிரிக்க மாட்டாங்க, ஆபா.”

“எனக்குத் தெரியாதா? தோத்தவனைப் பார்த்து நானும் சிரிச்சவன்தான்.”

பத்து வயது ஷெவந்தா தரையில் கிடந்த சட்டையை எடுத்துக்கொண்டாள். மதியம் அவர் கண்ணயர்ந்ததும் சட்டையின் இரண்டு பக்கமும் மடித்து, ஊசி நூலால் தைத்தாள். விரலெல்லாம் குத்து.

மாலையில் அவர் போட்டுப் பார்த்தார். பொருந்தியது. உள்ளே தடவியபோது கோணல் தையல் தட்டுப்பட்டது.

“சுருங்கிடுச்சா?”

“துவைச்சேன், ஆபா. சுருங்கிடுச்சு.”

“ம்... மட்டமான பட்டு,” என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

களத்தில் ஜெயித்தவன் உடம்பெல்லாம் செம்மண்ணோடு வந்து குனிந்தான். தலைப்பாகை கட்டக் கேர்பா கைகளை உயர்த்தினார்.

பர்ர்ர்!

தையல் விட்டது. ஷெவந்தாவுக்கு உயிரே போய்விட்டது.

“அடேங்கப்பா! எங்க பைல்வான் கையைத் தூக்கினா சட்டை தாங்குமா?” என்று ஒலிபெருக்கியில் கத்தினார் அறிவிப்பாளர் தத்தோபா.

கைதட்டல் எழுந்தது. கேர்பா நெஞ்சை நிமிர்த்தி முடிச்சைப் போட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தார். வந்ததும் சட்டையைக் கழற்றி நீட்டினார்.

“அடுத்த வருஷத்துக்கு இன்னும் சின்னதாத் தைச்சிடு கண்ணு. மிச்சத் துணியை வெட்டிடு.”

“வெட்ட மாட்டேன். மடிச்சுத்தான் தைப்பேன். உங்களுக்கு உடம்பு தேறினா பிரிச்சுக்கலாம்.”

கேர்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சரி,” என்றார். “ஆனா நூல் மட்டும் இதே மெல்லிசு நூலாப் போடு. மறுபடியும் கிழியணும்ல?”

ஷெவந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசியில் நூலைக் கோத்தாள்.